என் கோப்பில் இருக்கும் பிள்ளை

ஒரு ஆளுக்கு ஒரு கோப்பு. மருத்துவப் பதிவேட்டுப் படிப்பின் முதல் நாளே ஆசிரியை பலகையில் எழுதியது இதைத்தான். ஒருவரின் கோப்பில் இன்னொருவரின் நோய் ஏறிவிடுவதுதான் இந்த வேலையில் ஆகப் பெரிய பிழை என்றார். அப்படி எதையாவது கண்டவர்கள் உண்டா என்று வகுப்பைக் கேட்டார். பல வருடம் லா சப்பல் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் நின்று வாய்க்குப் பேர் எடுத்தவள் நான். கதிரையில் உட்கார்ந்து செய்யும் வேலையாக ஆஸ்பத்திரியில் ஒன்று கிடைக்கட்டும் என்று நாற்பத்தாறு வயதில் அந்தக் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. அப்படி ஒரு கோப்பு என் பெயரிலேயே இருந்தது.

பதினொரு வருடத்துக்கு முன் தம்பியின் மனைவி, என் மச்சாள், இந்தப் பிரெஞ்சு நாட்டுக்கு வந்து சேர்ந்தாள். கையில் விசாவும் இல்லை, ஒரு பேப்பரும் இல்லை, வயிற்றில் ஐந்து மாதம். மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் என் ஒற்றை அறை வீட்டில்தான் இருவரும் தங்கியிருந்தார்கள். ஒருநாள் காலை அவளுக்கு இரத்தம் போகத் தொடங்கியது. தம்பி கையைப் பிசைந்துகொண்டு நின்றான். நான் என் மருத்துவ அட்டையை எடுத்து அவள் கையில் வைத்தேன். அந்தக் காலத்து அட்டையில் படம் கிடையாது. எங்கள் ஆட்களுக்குள் அது பெரிய விசயமும் இல்லை. வதிவிடப் பேப்பர் கிடைக்கும்வரை கார்ட் கைமாறும். ஒரே கார்டில் நாலு பேர் காய்ச்சலுக்கு மருந்து எடுத்ததை நானே அறிவேன்.

"ஆர் கேட்டாலும் என்ரை பேரைச் சொல்லும்," என்று சொல்லிப் பழக்கித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

பிள்ளை தங்கவில்லை. பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்தில் மறுநாளே அவளை எழுப்பி இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆணா பெண்ணா என்றுகூட அவள் கேட்கவில்லை. கேட்க நான் நேரம் கொடுக்கவில்லை. கார்டே இல்லாதவளையும் அந்த நிலைமையில் ஆஸ்பத்திரி பார்த்திருக்கும் என்பதை இந்தப் படிப்புக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். ஒருவரிடமும் விசாரிக்காமல் கெட்டித்தனம் காட்டப் போன என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்.

போன வருடம் மச்சாள் மறுபடி கர்ப்பமானாள். அதற்குள் பேப்பர் கிடைத்து, தம்பிக்கு விமான நிலையத்தில் வேலையும் கிடைத்து, அதற்குப் பக்கத்து ஊரான கூசேன்வில்லில் குடியிருந்தார்கள். குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த நேரம் அது. டொக்டரிடம் மொழிபெயர்க்க நான்தான் போனேன். இதுதான் முதல் கர்ப்பமா என்று அவர் கேட்டார். மச்சாள் என்னைப் பார்த்தாள். அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன மச்சாள் சொல்லுறது?"

"முதலாவது எண்டு சொல்லுறன். பழசைக் கிண்டினால் கார்ட் விசயம் வெளியிலை வந்திடும்."

"பிள்ளைக்கு ஒண்டும் ஆகாதெல்லே?"

"ஒண்டும் ஆகாது. பேசாமல் இரும்."

பழைய கர்ப்பங்களை ஏன் கேட்டு எழுத வேண்டும் என்ற பாடம் அந்த வாரம்தான் நடந்திருந்தது. கொப்பியில் சிவப்புப் பேனையால் அடிக்கோடும் போட்டிருந்தேன். இருந்தும், முதலாவது என்று நல்ல பிரெஞ்சில் சொன்னேன்.

ஐந்தாம் மாதம் அந்தப் பிள்ளையும் போய்விட்டது. முன்பும் இப்படி நடந்தது தெரிந்திருந்தால் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டுப் பார்த்திருக்கலாம் என்றார் டொக்டர்.

"என்னவாம் மச்சாள்?" என்று கேட்டாள்.

"ஓய்வாய் இருக்கட்டாம்," என்றேன். பாவி நான், அதையும் மறைத்தேன்.

அடுத்த மாதம் வகுப்பில் ஒரு பயிற்சி தந்தார்கள். அவரவர் தங்கள் கோப்பை ஆஸ்பத்திரியிடம் கேட்டு வாங்கி, பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்னுடையது தபாலில் வந்தது. மேலே என் பெயர், என் பிறந்த திகதி. கீழே, பெண் சிசு, முந்நூற்றிருபது கிராம். நான் பிள்ளை பெறாதவள். குசினி அடுப்படியில் நின்றபடியே அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூசேன்வில்லுக்குப் போய், தையல் விசயம் உட்பட எல்லாவற்றையும் மச்சாளிடம் சொன்னேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வதென்றுதான் போயிருந்தேன். அவள் நான் கொண்டுபோன கோப்புக் கடதாசியை இழுத்து எடுத்தாள்.

"பெட்டையோ?"

"ஓம்."

என் பெயரின் மேல் விரலை வைத்தாள். "இதை என்ரை பேருக்கு மாத்தேலுமோ?"

"ஏலும். நடந்ததை நடந்தபடி எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வைக்க வேணும். என்ன பிரச்சினை வந்தாலும் நான் பொறுப்பு."

கடிதத்தை அங்கேயே எழுதினேன். அவள் கையெழுத்து வைத்து, பேனையை மூடி என்னிடம் நீட்டினாள்.

"இனி டொக்டரிட்டைப் போகேக்கை நீங்கள் வரவேண்டாம், மச்சாள். நான் வேறை ஆரையும் கூட்டிக்கொண்டு போறன்."

பிறகு எழும்பிப் போய், வழக்கம்போல் எனக்குச் சீனி குறைத்துத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள்.