முதுகு தேய்த்துச் சேர்த்த சங்கம்

"இன்னும் கொஞ்சம் கீழ... ஆங், அங்கதான்," என்றது முதுகு.

ஒராஸ்பெக் அழுத்தித் தேய்த்தார். கரித்தூள் கரைந்து தரையெல்லாம் கறுப்பாக ஓடியது.

"கெல்லர், உன் செட்டுல எட்டுப் பேரும் உன் மூஞ்சியத்தான் பாத்துட்டு இருக்கானுங்க. நீ சங்கத்துக்குப் பேர் குடுத்தா அவனுங்களும் குடுப்பானுங்க. பாதிக்கு மேல ஆள் சேரலன்னா நாளைக்குப் பேச்சுவார்த்தைக்கு நிர்வாகம் நம்மள உள்ளயே விடாது. ஒம்பது பேர்தான்டா குறையுது."

முதுகு இன்னும் கொஞ்சம் குனிந்தது.

கஜகஸ்தானின் கரகண்டா நகரத்தில் இப்போது ஒராஸ்பெக்கின் வீட்டிலேயே குளியலறை இருக்கிறது. மகள் நீளக் கைப்பிடி வைத்த பிரஷ் வாங்கித் தந்திருக்கிறாள். முதுகின் நடுவரை எட்டுகிறது. ஆனாலும் குளிக்கும்போதெல்லாம் அவருக்கு அந்தக் காலத்து நிலக்கரிச் சுரங்கத்துப் பொதுக் குளியலறைதான் ஞாபகம் வரும். நீராவிக்குள் எண்பது பேர். முன்னால் வந்து எவன் முதுகைத் திருப்பினாலும் தேய்த்துவிட வேண்டும். யார் என்று கேட்கிற வழக்கம் கிடையாது.

சங்கச் செயலாளரான புதிதில் அவர் அரங்கத்தில் மேடையேறிப் பேசினார். குளிருக்கு ஒதுங்கியவர்கள் வந்து தூங்கினார்கள். குளியலறையில் அவர் பேசவில்லை, கேட்டார். மனைவியின் சிறுநீரகம், ஒழுகும் கூரை, கீழே திணறும் மூச்சு. முதுகைக் கொடுத்தவன் எல்லாவற்றையும் சொன்னான். நாலாம் நாள் பேரையும் கொடுத்தான். சேர்ந்தவன் இன்னும் இரண்டு பேருக்குத் தேய்க்க வேண்டும் என்பது மட்டும்தான் சட்டம். ஒரு பனிக்காலத்தில் இருநூறு பேர் சேர்ந்தார்கள்.

"ஷைமெர்தெனுக்குப் பயப்படுறியா?" என்று அன்று ஒராஸ்பெக் தேய்த்தபடியே தொடர்ந்தார். "வாயு கசியுதுன்னு மீட்டர் கத்தினா, வேல நிக்கக் கூடாதுன்னு சட்டையக் கழட்டி அதும்மேல போத்தச் சொல்ற ஆளு. அவன் என்னைக்காவது கீழ எறங்கியிருக்கானா?"

"இன்னைக்கு எறங்கினேன்."

முதுகு திரும்பியது. கரி அப்பிய முகத்தில் நிர்வாகத்தின் பிரிவுத் தலைவர் ஷைமெர்தெனின் கண்கள். மாடியில் அவருக்கென்று இருந்த குளியலறையில் அன்று குழாய் உறைந்து போயிருந்தது.

"அண்ணே, நான் இங்க இருக்கேன்," என்று நீராவிக்குள்ளிருந்து கெல்லரின் குரல் வந்தது. யாரோ ஒருவன் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான்.

ஷைமெர்தென் மறுபடி முதுகைக் காட்டினார். "பாதியில நிறுத்தாத."

ஒராஸ்பெக் மறுபடி சோப்பை எடுத்தார். "மீதியையும் சொல்லட்டுமா, தலைவரே?"

"தேய்."

சொன்னார். மீட்டர், காற்றுக் குழாய், சுரங்கக் கூரையைத் தாங்கும் முட்டுமரம் எல்லாவற்றின் குறையையும் சத்தமாகவே சொன்னார். அந்த ஆள் அம்மணமாகக் குனிந்து நின்று கேட்பதை எண்பது பேரும் பார்த்தார்கள். ஷைமெர்தென் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனார்.

கெல்லர் நுரையோடு வந்து நின்றான். "எழுதிக்கோண்ணே. எட்டுப் பேரையும் சேத்து எழுது. என் முதுகுக்கு மட்டும் வேற ஆளப் பாத்துக்கறேன். உனக்குக் கண்ணு தெரியல."

மறுநாள் பத்து மணிக்குப் பேச்சுவார்த்தை தொடங்கியது. ஒராஸ்பெக் உள்ளே உட்கார்ந்திருந்தார். மீட்டர்களை மாற்ற நிர்வாகம் ஒப்புக்கொண்டது. மதியம் அவரைத் தரைக்கு மேலே இருந்த மரக்கிடங்குக்கு மாற்றிய உத்தரவு வந்தது. கிடங்கு ஆட்களுக்குக் குளியலறையில் இடம் கிடையாது. பேர் எழுதிய நோட்டைக் கெல்லரிடம் கொடுத்துவிட்டு ஐந்து மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.