மீனுக்கு வைத்த சங்கு

உப்பு விளைகிற ஊரில் உப்புத்தண்ணீர் கலந்து கொடுத்துப் பிழைக்கிறவன் நான். தூத்துக்குடியில் கடல்மீன் தொட்டி அமைத்துப் பராமரிக்கிற தொழில். காலையில் எழுந்ததும் பல் விளக்காமல் 'உயிரோடு இருக்கா' என்று தொட்டியை எட்டிப் பார்க்கிற என் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கடல் பக்கத்துலதான

ரெஜினா போன் பண்ணினாள். அவள் கணவர் ஜெரால்டுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. போன லீவில் வந்தவர் என்னிடம் தொட்டி வாங்கி, இந்தோனேசியாவிலிருந்து வந்த நீல மீன் ஒன்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டார். அந்த மீன்மேல் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளியாம். கல்லில் போய் உரசுகிறதாம், இரை எடுக்கவில்லையாம்.

போய்ப் பார்த்தேன். புள்ளி நோய்தான். செப்பு மருந்து விட்டால் தீரும். ஆனால் அது கூட இருக்கிற இறாலையும் நண்டையும் கொன்றுவிடும். மீனை மட்டும் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். நான் வாளியில், மீன் தொட்டிக்கென்றே வெளிநாட்டிலிருந்து வருகிற பாக்கெட் உப்பைக் கரைக்க ஆரம்பித்தேன். உப்பளத்து உப்பு சமையலுக்கு ஆகும், மீனுக்கு ஆகாது, கரையோரத் தண்ணீரில் டீசல் கிடக்கும் என்றெல்லாம் விளக்கியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ரெஜினா சொன்னாள்: "கடல் இந்தா கெடக்கு. நம்மூரு உப்பு ஊரு உலகமெல்லாம் போவுது. நீங்க வெளிநாட்டு உப்ப வாங்கிக் கரைக்கிய. நல்லாருக்கு அண்ணாச்சி ஒங்க தொழிலு."

மீனுக்குப் பைப்பு

நோயாளி ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும். கல் வைக்கக் கூடாது, மருந்தை உறிஞ்சிவிடும். பிளாஸ்டிக் பைப்தான் சரி. பைப் கடைக்காரர் "வீட்டுக்கா, தோட்டத்துக்கா?" என்றார். மீனுக்கு என்றேன். வளைந்த பைப் ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "தண்ணிக்குள்ளயே கெடக்கதுக்கு எதுக்குவே பைப்பு கனெக்சன்?"

வெறுந்தொட்டி

ரெஜினா வீட்டிலேயே தனித் தொட்டியை வைத்தேன். மணல் இல்லை, கல் இல்லை. நாலு கண்ணாடி, காற்றுக் குழாய், ஒரு பஞ்சு பில்டர், அந்தப் பைப். மீன் அதற்குள் போய் மூலையைப் பார்த்து நின்றது. ரெஜினாவுக்கு முகமே விழுந்துவிட்டது.

"பொழச்சிருமா?" என்றாள். பார்ப்போம் என்றேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். ஜெரால்டு கப்பலில் இருந்தபோது அவர் அப்பா தவறிவிட்டார். போனில் சொன்னது இவள்தான். இன்னொரு கெட்ட சேதியைத் தன் வாயால் சொல்ல மனசில்லாமல், மீனுக்குச் சீக்கு என்பதை இன்னும் சொல்லவில்லை. மீனைக் காட்டு என்று அவர் கேட்டால், நெட் சரியில்லை என்று பழைய வீடியோவை அனுப்பிவிடுகிறாள். அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கொரோனாவுல அவுகள கப்பல்லயே அடைச்சுப் போட்டாக. சீக்க விட வெறுஞ்சுவரப் பாத்துக்கிட்டு இருக்கதுதான் ஆளக் கொல்லுதுன்னு சொன்னாக அண்ணாச்சி."

மருந்து எங்கே போகிறது

செப்பு மருந்துக்கு அளவு முக்கியம். குறைந்தால் நோய் போகாது, கூடினால் மீன் போய்விடும். காலையில் அளந்து விடுவேன், மறுநாள் பார்த்தால் பாதிதான் இருக்கும். மருந்தளவு பார்க்கிற சோதனைக் குப்பியைச் சந்தேகப்பட்டு வேறு வாங்கினேன். மருந்தையும் மாற்றினேன். என் கண்ணையே சந்தேகப்பட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். புள்ளி குறையவில்லை. மீன் மெலிந்துகொண்டே வந்தது. மருந்து என்ன ஆவியாகவா போகும்? இதைக் கண்டுபிடிக்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் போன் பண்ணாமல் போய் நின்றேன். தொட்டிக்குள் பைப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வெண்சங்கு. ரெஜினாவின் அப்பா கடலில் முங்கிச் சங்கு குளித்த காலத்தில் எடுத்ததாம். நான் வருகிற நேரம் எடுத்துவிடுவாள், போனதும் வைப்பாள். சங்கும் கல் மாதிரிதான், செப்பைக் குடித்துவிடும். சங்கில் விட்டால்தான் தீர்த்தம் என்பார்கள். எங்கள் தொழிலில் தொட்டிக்குள் சங்கை விட்டால் மருந்து போய் வெறும் தீர்த்தம்தான் மிஞ்சும். "ஏளா, இன்னும் நாலு நாள் இது கெடந்தா மீனுக்குச் சங்கு ஊதிருவாங்களே" என்று கத்திவிட்டேன். அவள் சங்கை எடுத்து முந்தானையில் துடைத்தாள். கண் கலங்கியிருந்தது. "சங்குக்குள்ள கடல் சத்தம் கேக்கும்லா, அதுக்கும் தொணையா இருக்கட்டும்னு வச்சேன்" என்றாள்.

ஸ்டாரு

சங்கு வெளியே போனது, மருந்து தொட்டியில் நின்றது. புள்ளி உதிர்ந்து மீன் இரைக்கு மேலே வர ஆரம்பித்தது. கொஞ்ச காலம் கழித்துப் பெரிய தொட்டிக்கே திரும்பிப் போனது. ஜெரால்டு ஊருக்கு வந்து பார்த்தபோது எதுவுமே நடக்காத மாதிரி நீந்திக்கொண்டிருந்ததாம்.

மீன் தீனி வாங்க அவர் மட்டும் என் கடைக்கு வந்தார். "மீன் சௌக்கியமா?" என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி. அவர் சிரித்தார். "நடந்தது தெரியும் அண்ணாச்சி. அவ அனுப்புன வீடியோவுல தொட்டிக் கண்ணாடியில கிறிஸ்மஸ் ஸ்டாரு மின்னுது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துல எவன் வீட்டுல ஸ்டாரு தொங்கும்? மீனுக்கு என்னமோ ஆயிட்டுன்னு அன்னைக்கே தெரிஞ்சிட்டு. கேட்டா அழுவா. அதான் மீனு ஜோரா இருக்குன்னு நானும் சொல்லிக்கிட்டே கெடந்தேன்."

மீனைத் தனியாகப் பிரித்து வைக்கத்தான் எனக்குத் தெரியும், ஒருத்தர் கவலை இன்னொருத்தருக்கு எட்டாமல் மனுசங்களைப் பிரித்து வைக்கிற தொட்டியை இன்னும் யாரும் செய்யவில்லை.