வேலுத்தாய் அத்தையின் விதைப்பூண்டு

கேரள எல்லை மலையிலிருக்கும் எங்கள் வட்டவடையில் வேலுத்தாய் அத்தையைக் கோபப்படுத்துவது சுலபம். எதிரே போய் நின்றாலே போதும். மூணாறு ஆபீசில் எங்களைத் தமிழர்கள் என்பார்கள். உடுமலைச் சந்தையில் மலையாளத்துக்காரர்கள். அத்தை சலித்துப்போய் மடியிலிருந்து ஒரு மலைப்பூண்டை எடுத்து நீட்டுவாள். சின்னப் பல், உரிக்க எரிச்சல், கடித்தால் கண்ணில் தண்ணீர். இது எந்த ஊரோ அதுதான் தன் ஊர் என்பாள். அத்தையும் ஏறக்குறைய அந்தப் பூண்டு மாதிரிதான்.

விதை கெட்டுப்போனவர்கள் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். திட்டிக்கொண்டே கொடுப்பாள். அவள் யாரிடமும் போய்க் கேட்டதில்லை.

இந்த வருஷ மழையில் அவள் பூண்டும் அழுகிவிட்டது. விதைக்கென்று மிஞ்சிய ஒரே கட்டு அடுப்புக்கு மேலே புகையில் தொங்கியது. குழம்புப் பூண்டு என்று நினைத்து அதை நான் மலை சுற்றிப் பார்க்க வந்த எர்ணாகுளத்து ஜீப்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். வண்டியில் கட்டினால் யானை வராது என்றேன். பயபக்தியோடு கட்டிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் அத்தை வந்து மேலே பார்த்தாள். அடிப்பாள் என்று ஒதுங்கினேன். அடிக்கவில்லை. அடுப்பின் முன் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை நடவு. சந்தைப் பூண்டை அவள் தன் மண்ணில் விடமாட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவளுடைய கொழுந்தன் பொன்ராஜ் மாமாவிடம் ஓடி உண்மையைச் சொன்னேன். போன வருஷம் அவருக்கு விதை கொடுத்ததே அத்தைதான். மதினியே வந்து ஒரு வார்த்தை கேட்கட்டும், தருகிறேன் என்று சிரித்தார். இருபது வருஷமாகத் திட்டு வாங்கியவரின் ஆசை.

அதை வந்து சொன்னதும், நிலம் சும்மா கிடந்தாலும் கிடக்கட்டும் என்றாள் அத்தை. ஆனால் வியாழக்கிழமை விடிந்ததும் தானே கிளம்பினாள். நானும் பின்னால் போனேன்.

மாமா வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன்யா, உன் அடுப்பு மேல தொங்குறது எந்தப் பூண்டு?"

"நீங்க குடுத்ததுதான் மதினி."

"கொண்டா. எப்பிடி வச்சிருக்கன்னு பாக்கணும்."

வாயைக் கழுவிவிட்டு எடுத்துவந்தார். கேட்டுவிட்டாளா, இல்லையா என்று அவருக்கே குழப்பம். அத்தை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, புகை பத்தவில்லை என்றாள். கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றை அவர் கையில் திணித்தாள்.

"இத நீ நடு. மிச்சம் என்கிட்ட இருக்கட்டும். நீ கெடுத்துருவ."

மாமா தலையாட்டினார்.

திரும்பும் வழியெல்லாம் என்னைத் திட்டினாள். பூண்டை ஒரு நிமிஷம்கூட என் கையில் தரவில்லை.