காலடியில் இருந்த பெயர்கள்

ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் மகள் வேலை பார்க்கிறாள். புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, நானும் மனைவியும் போன வருடம் அங்கே போயிருந்தோம்.

ஒரு பழைய வீட்டு வாசலில் பூத்தொட்டிகள் அழகாக இருந்தன. போட்டோ எடுக்கச் சொல்லி மகளிடம் போனைக் கொடுத்துவிட்டு நாங்கள் நின்றோம். வழியில் வந்த ஒரு வயதான அம்மா நின்று என்னவோ சொன்னார். அவரும் போட்டோவுக்கு ஆசைப்படுகிறார் என்று நினைத்துவிட்டேன்.

"அந்தம்மாவையும் வந்து நிக்கச் சொல்லு சாமி" என்று மகளிடம் சொல்லிச் சிரித்தேன்.

மகள் சிரிக்கவில்லை. "அப்பா, தள்ளி நில்லுங்க. காலுக்குக் கீழ பாருங்க."

நடைபாதையில் பதித்த சின்னப் பித்தளைத் தகடுகள் மேல் நின்றிருந்தேன். அந்த அம்மா மண்டியிட்டு, தகடுகளில் பட்டிருந்த என் ஷூ மண்ணைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"இந்த ஊட்ல இருந்தவங்கப்பா. யூதருங்கன்னு நாஜிக்காரங்க புடிச்சுட்டுப் போயிக் கொன்னுபோட்டாங்க. அவங்க பேருதான் இது."

ஒரு தகட்டில் பிறந்த ஆண்டுக்கும் இறந்த ஆண்டுக்கும் நாலு வருடம்தான் இடைவெளி. அது ஒரு குழந்தையின் பெயர்.

மன்னிப்புக் கேட்க மொழி தெரியாமல் அந்த அம்மாவைக் கும்பிட்டேன். அவர் தலையசைத்துவிட்டு மெதுவாக எழுந்து போனார்.

"தெரியாமத்தானுங்க நின்னீங்க" என்றாள் மனைவி. நின்றதைவிட, அங்கே நின்று சிரித்ததுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

பிறகு பெரிய தேவாலயத்துக்குப் போனோம். "கோபுரத்தைப் பாருங்கப்பா" என்றாள் மகள். நான் தரையைப் பார்த்தபடியே நடந்தேன்.