நீல மதிலை இடிக்கச் சொன்னவர்

இன்று காலை மட்டக்களப்பு கல்லடியில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தேன். இரவு பெய்த மழைக்குப் பிறகு வெயில் விழுந்ததும் எதிர்வீட்டு நீல மதில் அப்படி மின்னியது. அந்த வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் நிற்கும். தலை நிமிராமல் வண்ணம் பூசினேன்.

ஒரு வாகனம் வந்து நின்றது. இறங்கி வந்தவர் கொழும்பில் ஓவியக் கண்காட்சி வைக்கப் படம் தேடுகிறவராம். குனிந்து பார்த்தார்.

"வடிவா இருக்கு. ஆனா இந்த மதிலக் கொஞ்சம் இடிஞ்ச மாதிரிக் கீறேலாதா? கூரையிலயும் ஒரு ஓட்டை போடுங்க. மட்டக்களப்பு எண்டா சனம் சுனாமியையும் சண்டையையும்தான் பார்க்க வரும்."

"இங்க இடிஞ்ச மதில் இல்லையே" என்றேன்.

"நீங்க ஓவியர்தானே, கற்பனை பண்ணுங்க" என்று சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வீட்டுக்கார அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடல் கொண்டுபோன வீட்டைத் திரும்பக் கட்டி, போன கிழமைதான் தன் கையாலேயே மதிலுக்கு நீலம் அடித்தவர்.

"தம்பி, இந்த மதில் ஒருக்கா இடிஞ்சது காணும். படத்திலயும் இடிக்கோணுமா?" என்று என்னிடம்தான் கேட்டார்.

வந்தவர் வாகனத்தில் ஏறிவிட்டார். அதற்குள் வெயிலும் மாறிவிட்டது. படம் பாதியில் நிற்கிறது. நாளைக் காலை திரும்பவும் அங்கேதான் இருப்பேன்.

கொழும்பில் நல்ல உறுதியான வீடு வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இடிந்த மாதிரியே கீறித் தருகிறேன். கூரையில் ஓட்டை இலவசம்.