கல்யாண வருசத்து ரம்புத்தான்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது.

ரப்பர்த் தோட்டத்து வேலையை விட்டு வெளியே வந்தவர்கள் மலாக்காவில் மெர்லிமாவ் பக்கத்தில் கட்டிக்கொண்ட பலகை வீடுகளில் ஒன்று எங்களுடையது. நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா. மூன்றே பேர். வீடு சின்னது, சுற்றியிருந்த இடம் பெரிது. முன்னால் செம்பருத்தி வேலி. பழைய எண்ணெய் டின்களில் மல்லிகை. குளிக்கிற தண்ணீர் ஓடிப்போகிற பக்கம் வாழையும் பப்பாளியும். கறிவேப்பிலைச் செடியில் பச்சைப்புழு ஏறினால் அத்தை ஒன்று விடாமல் பொறுக்கி நசுக்கிவிடுவார். நான் சுவர்ப்பக்கக் கிளை ஒன்றை மட்டும் அவர் கண்ணில் படாமல் மறைத்து வைப்பேன். இரண்டு வாரத்தில் அங்கிருந்து கறுப்பும் மஞ்சளுமாக வண்ணத்துப்பூச்சி கிளம்பும். அத்தை அதைப் பார்த்து, எங்கிருந்துதான் வருதோ என்பார். நான் வாயைத் திறக்க மாட்டேன். அபூர்வம்தான்.

தைப்பூசம் முடிந்து வெயில் ஏற ஆரம்பித்ததும் வீட்டுக்குப் பின்னால் நின்ற ரம்புத்தான் பூக்கும். அடடா, அந்தப் பூவை என்னவென்று சொல்ல! கண்ணுக்கு ஒன்றும் அழகில்லை, பச்சையும் வெள்ளையுமாகப் பொடிப்பொடியாக இருக்கும். ஆனால் மரம் முழுக்கத் தேனீ. அந்த ரீங்காரம் அடுப்படி வரைக்கும் கேட்கும். தேன்சிட்டு இரண்டு விடிந்ததும் வந்துவிடும். அதுகளைப் பார்த்துக்கொண்டு நின்று நான் கருக்கிய தோசைக்குக் கணக்கே இல்லை. இன்றைக்கும் எங்கேயாவது தேனீச் சத்தம் கேட்டால் எனக்குத் தோசை கருகும் வாசம் வருகிறது. அந்த வீடு அவ்வளவு பிடித்திருந்தது எனக்கு.

அந்த மரத்துக்கும் எங்கள் கல்யாணத்துக்கும் ஒரே வயது. ஆனி மாதக் கல்யாணம், பழம் வர ஆரம்பித்த சமயம். செலண்டாரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் ஒரு கூடை ரம்புத்தான் கொண்டுவந்தார்கள். அதில் ஆக இனிப்பான ஒன்றின் கொட்டையை எடுத்து அத்தை அன்றைக்கே ஊன்றினார். பசாரில் ஒட்டுக்கன்று கிடைக்கும், சீக்கிரம் காய்க்கும் என்று வீட்டுக்காரர் சொன்னார். அத்தை கேட்கவில்லை. கல்யாணத்துக்கு நடுகிற மரம் கொட்டையிலிருந்துதான் வர வேண்டும், அப்போதுதான் வம்சம் தழைக்கும், பேரப்பிள்ளை ஓடியாடுகிற வயதில் அதில் பழம் தொங்கும் என்பது அவர் கணக்கு.

மரம் வளர்ந்தது. ஐந்தாம் வருசம் பூத்தது, ஆறாம் வருசம் பூத்தது, ஏழாம் வருசமும் பூத்துக் கொட்டியது. ஒரு பிஞ்சு இல்லை. வீட்டிலும் அதே கதைதான். நான் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாச் சோதனையும் செய்துகொண்டேன். என்னிடம் குறை இல்லை, கணவரைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். அவர் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஓவர்டைம் என்பார்.

அந்த ஏழாம் வருசம் சுங்கை ரம்பாயிலிருந்து அத்தையின் அக்கா, வீட்டுக்காரரின் பெரியம்மா, வந்தார். நான் அடுப்படியில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்காதா? அவருக்குத் தெரிந்த பெண் ஒன்று இருக்கிறதாம், முப்பது வயதாம், இரண்டாம் தாரமாக வரச் சம்மதமாம். அத்தை, இந்த ஒரு வருசம் பார்ப்போம் என்றார். நான் கிள்ளிய தலையைச் சட்டியிலும் மீனைக் குப்பையிலும் போட்டுக்கொண்டிருந்தேன். பெரியம்மா கிளம்பும்போது மரத்தையும் ஏற இறங்கப் பார்த்து, ஒரு மிரட்டு மிரட்டினால் காய்க்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காய்க்காத மரத்தை மிரட்டுவது எங்கள் பக்கத்தில் உண்டு. ஒருவர் கத்தியை ஓங்கி, காய்க்கிறாயா வெட்டவா என்று கேட்பார். இன்னொருவர் மரத்துக்குப் பின்னால் நின்று மரத்தின் சார்பில், காய்க்கிறேன், வெட்டாதீங்க என்று கெஞ்ச வேண்டும். மற்ற வீடுகளில் பிள்ளைகளை நிற்க வைப்பார்கள், ஒரே சிரிப்பாக இருக்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பிள்ளை ஏது? அத்தை என்னைப் போய் நிற்கச் சொன்னார். வேண்டுமென்றே சொல்லவில்லை, பாவம், வேறு ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். அத்தை பாராங் கத்தியால் மரத்தில் ஒரு கொத்து கொத்தினார். மரத்தைப் பிடித்திருந்த என் உள்ளங்கை வரைக்கும் அது அதிர்ந்தது.

"காய்க்கிறியா, வெட்டட்டுமா?"

கெஞ்ச வேண்டியது என் முறை. மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது என் நீள வாய் தானாகத் திறந்தது.

"காய்க்காட்டி வெட்டிருவீங்களா, அத்தை?"

மோட்டார்மேல் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. அத்தை கத்தியைத் தாழ்த்தினார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, மரம் மறைத்தது.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா சிரித்தார். அவருக்கு எங்கள் விசயம் எதுவும் தெரியாது. அது ஆண் மரம் லா, பூக்கும், காய்க்காது, கொட்டை போட்டு வளர்த்தால் பாதி அப்படித்தான் ஆகும், அதை அடித்து என்ன பயன் என்று மலாயில் சொல்லிவிட்டுத் துணி காயப் போடப் போய்விட்டார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பொய் சொல்வானேன், நான் பார்த்தேன். வீட்டுக்காரர் குனிந்து சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்ப.

மறுவாரம் அவர் ஓவர்டைம் போகவில்லை, என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் சொன்னதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்ல மாட்டேன். அவரே தன் அம்மாவிடம் சொன்னார். அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மரத்தில் கொத்துப்பட்ட இடத்தில் மஞ்சளும் சாணியும் குழைத்து அப்பிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருசம் மரம் வழக்கம்போலப் பூத்து நின்றபோது பெரியம்மா மறுபடியும் வந்தார். காப்பி கலக்க நான் உள்ளே போனேன். இன்னுமா இதை வெட்டாமல் வைத்திருக்கிறாய் என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. எந்த மரத்தைக் கேட்டாரோ.

"காய்ச்சாத்தான் வச்சுக்கணுமாக்கா? அது எங்க வீட்டு மரம்," என்றார் அத்தை.

அத்தைக்கு இனிப்புநீர் வியாதி, காப்பியில் சீனியே போடக் கூடாது. அன்றைக்கு ஒரு கரண்டி போட்டேன். அவரும் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.