சிவப்பு எண்ணெயும் பனியன் நூலும்

ஒரு விடுகதை போடுகிறேன். மிதி இரண்டு, வேலை ஒரு காலுக்கு. கை படாமலே கியர் மாறும். தள்ளினால் உருளும், ஆனால் ஸ்டார்ட் ஆகாது. அது என்ன?

கார் மெக்கானிக் தொழிலில் வண்டியைக் கெடுப்பவர் ஒருவர், அதன் அடியில் படுப்பவர் இன்னொருவர். என்னைப்போல் மல்லாந்து படுத்து முகத்தில் எண்ணெய் வாங்கியவர்கள் இந்நேரம் விடையைச் சொல்லியிருப்பீர்கள்: ஆட்டோமேட்டிக் கார். தொண்ணூறுகளில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமிருந்த எங்கள் பட்டறைக்கு அப்படி ஒரே ஒரு கார் வந்தது. ஸ்டெல்லா டீச்சருடையது. சிறுவயதில் வந்த போலியோவால் அவருக்கு இடது காலில் பலமில்லை. கிளச் மிதிக்க முடியாது. கப்பலில் வேலை பார்த்த அவர் தம்பி, கிளச்சே இல்லாத காராகத் தேடித் தூத்துக்குடியில் வந்து இறங்கும்படி செய்திருந்தார். அதை ஓட்டித்தான் டீச்சர் பாளையங்கோட்டையிலிருந்து முக்கூடல் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தார். மகள் ஜெனி அங்கேயே மூன்றாம் வகுப்பு.

பாய்க்கட்டுக்காரர்கள்

ஒருநாள் காலையில் பத்தமடை தாண்டியதும் அந்தக் கார் நின்றுவிட்டது. இன்ஜின் உறுமியது, சக்கரம் அசையவில்லை. டீச்சர் இன்ஜினை அணைத்ததும், பாய்க்கட்டுகளோடு பஸ்ஸுக்கு நின்றவர்கள் கட்டைக் கீழே வைத்துவிட்டுத் தள்ள வந்துவிட்டார்கள். இதைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது என்று டீச்சர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் லாரியோடு போய்ச் சேர்ந்தபோது, வேர்த்து வழிந்த ஒருவர் என்னிடம் முறையிட்டார்:

"நெல்லையப்பர் தேரையே இழுத்தவங்க வே நாங்க. இது உருளுது, ஆனா முனங்கக்கூட மாட்டேங்கு."

பின்சீட்டில் இருந்தது

முன்சக்கரங்களைத் தூக்கிக் கட்டி லாரியில் இழுத்து வந்தோம். டீச்சரும் ஜெனியும் வேறொரு வேனில் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். ஜெனியின் சாப்பாட்டு டப்பா மட்டும் காரோடு எங்கள் பட்டறைக்கு வந்துவிட்டது. சாயங்காலம் அம்மாவோடு வந்த ஜெனி டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து, மூடினாள். இனிமேல் அந்தக் காரில் ஏற மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, எனக்குக் காரணமும் சொன்னாள்:

"அது நின்னா நிக்கட்டும். என் சோத்தையும்லா கூட்டிட்டுப் போயிட்டு."

தட்டைக் கழற்றும் முன்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெய்தான் வேலைக்காரன். அந்த எண்ணெய் மாதுளைச் சாறுபோல் சிவப்பாக இருக்க வேண்டும். டீச்சர் காரில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தேன். நாலு நாள் பஜ்ஜி சுட்ட எண்ணெய் நிறம், அதே கருகல் வாசனை. உள்ளே எண்ணெயை உறிஞ்சும் ஃபில்டர் அடைத்திருக்கலாம்; எண்ணெயும் ஃபில்டரும் மாற்றினால் சரியாகிவிடும். அல்லது உள்தகடுகள் தேய்ந்து போயிருக்கலாம். அதைச் சரிசெய்ய இந்த ஊரில் ஆளில்லை. மஸ்கட் பட்டறை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு வந்த எனக்கும் அது கைவராது. எது என்று கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினால்தான் தெரியும்.

டீச்சரின் கொழுந்தன் சேவியருக்கு இதெல்லாம் வீண்வேலை. இந்தக் கியர்பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாதாரண கியரும் கிளச்சும் வைத்து, ஒரு டிரைவரையும் வைத்துவிடலாம் என்றார். நல்ல மனுஷன், மதினி கஷ்டப்படக் கூடாது என்றுதான் சொன்னார். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பஸ் படியில் ஏற முடியாத காலத்தில் யார் யாரையெல்லாம் எதிர்பார்த்து நின்றார் என்பது எங்களுக்கும் தெரியும். கடைசியில் டீச்சர் சேவியரிடம் சொன்னார்:

"அரையாண்டு லீவு முடியட்டும் தம்பி, அதுவரைக்கும் இவங்க பாக்கட்டும். டிரைவர் ஓட்டுத காரு எனக்கெதுக்கு?"

எண்ணெய்க் கடை

சிவப்பு எண்ணெய் தேடி டவுணில் ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் தேன்போல் கெட்டியான கியர் எண்ணெயைத்தான் எடுத்து நீட்டினார்கள். அதை ஊற்றினால் இந்த வண்டி அன்றே படுத்துவிடும். எனக்கு வேண்டியது மெல்லியது, சிவப்பானது என்று ஒரு கடையில் கையைக் காலை ஆட்டி விளக்கினேன். கடைசியில் தூத்துக்குடியில், துறைமுகத்துச் சரக்கு வண்டிகளுக்கு எண்ணெய் கொடுப்பவரிடம்தான் கிடைத்தது. அந்த டவுண் கடைக்கார அண்ணாச்சி சொன்னது மட்டும் மறக்கவில்லை:

"நீரு கேக்கது கியர் ஆயிலா, நன்னாரி சர்பத்தா வே?"

மாடசாமி அண்ணாச்சியின் கை

தட்டைக் கழற்றிய அன்று டீச்சரும் வந்திருந்தார். தட்டில் இரும்புச் சிராய் கிடந்தால் கதை முடிந்தது. பைய இறக்கினேன். அடியில் இருந்த காந்தத்தில் திருநீறு குழைத்ததுபோல் சாம்பல் பசை, அவ்வளவுதான். அது எல்லா வண்டியிலும் இருப்பது. சிராய் ஒன்றுகூட இல்லை. ஃபில்டரைத் திருப்பினேன். வலை முழுக்க நூல். பச்சை, மஞ்சள், ஊதா. முன்பு எங்கேயோ எண்ணெய் மாற்றியபோது, பட்டறைகளில் எல்லாரும் கை துடைக்கும் பனியன் கழிவுத்துணியால் தட்டின் உட்புறத்தைத் துடைத்திருக்கிறார்கள். உதிர்ந்த நூல் வலையில் அடைத்து, எண்ணெயை மேலே ஏற விடவில்லை. காரை நிறுத்தியது அதுதான்.

இதை நான் டீச்சருக்குக் காட்டி முடிப்பதற்குள், எங்கள் மூத்த மெக்கானிக் மாடசாமி அண்ணாச்சி தட்டைத் துடைக்க ஒரு கைப்பிடி பனியன் துணியோடு குனிந்துவிட்டார். கையைப் பிடித்துவிட்டேன். அவருக்கு வருத்தம்.

"பனியன் துணியால துடைச்சு இதுவரைக்கும் எந்த வண்டியும் கோவிச்சதில்ல."

நைலக்ஸ் சேலை

புது ஃபில்டர் டீச்சர் வீட்டுப் பீரோவிலேயே இருந்தது. தம்பி காரோடு அனுப்பியது. அதை ஒரு பழைய நைலக்ஸ் சேலையில் பொதிந்து வைத்திருந்தார். நூல் உதிராத துணிக்கு வேறெங்கே போவது? அந்தச் சேலையாலேயே தட்டைத் துடைத்தோம். ஃபில்டரை மாட்டினோம். வடிந்த எண்ணெய் எவ்வளவோ அவ்வளவு புதுசு ஊற்றினோம். ஆனால் தட்டு வழியே வருவது பாதிதான்; மீதி உள்ளே ஒளிந்துகொள்ளும். ஓடவிட்டு, வடித்து, மறுபடி ஊற்றி, மறுபடி வடித்து, சிவப்பு சிவப்பாகவே வரும்வரை விடவில்லை. அளவை இன்ஜின் ஓடும்போதே பார்த்தேன். அணைத்துவிட்டுப் பார்த்தால் பொய் சொல்லும். மாடசாமி அண்ணாச்சி பக்கத்திலேயே நின்று, தூசி விழாமல் புனலை மூடிப் பிடித்துக்கொண்டார். கோபம் தீரவில்லை என்பது பேச்சில் தெரிந்தது:

"வீட்ல அவ கேட்டு ஒரு சேல எடுத்துக் குடுக்கல. இங்கன காருக்குச் சேல கட்டுதேன்."

மேம்பாலம்

சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் அண்ணாச்சி எந்த வண்டியையும் வெளியே விடமாட்டார். வைத்துவிட்டு, நன்றாக மிதித்து ஏற்றுங்கள் என்றார். டீச்சர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார், அவ்வளவுதான். வண்டி தானாக ஊர்ந்து பழத்தை நசுக்கியது. அண்ணாச்சி வண்டியைக் கும்பிட்டார்.

எண்ணெய் சூடேறியபின் ஏற்றத்தில் இழுப்பதுதான் உண்மையான பரீட்சை. டவுண்வரை போய்த் திரும்பி, ஜங்ஷன் மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னேன். பின்னால் டவுண் பஸ் ஹாரன் அடித்தது. டீச்சர் வலது காலால் மிதித்தார். உறுமல் இல்லை, உதறல் இல்லை, வண்டி ஏறியது. டீச்சர் பாலத்தை விட்டு இறங்கித் திரும்பி, இன்னொரு தடவை ஏறினார். ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்த சேவியர் மேலே வந்து சேர்ந்து, மூச்சு வாங்கிச் சொன்னார்:

"மதினி, கொஞ்சம் பையப் போங்க. ஸ்கூட்டரு திணறுது."

பள்ளிக்கூடம் திறந்த அன்று

காலையில் கடைசியாக ஒருமுறை அளவு பார்க்க டீச்சர் பட்டறைக்கு வந்தார். மகள் காரில் ஏற மாட்டேன் என்று சொன்னதால், அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு சேவியரும் ஸ்கூட்டரில் வந்து நின்றார். டீச்சர் மகளைக் கட்டாயப்படுத்தவில்லை.

"காரா, ஸ்கூட்டரா? நீயே சொல்லு."

எங்கள் பட்டறைக்குக் கிடைத்ததிலேயே கறாரான சான்றிதழ் அன்று கிடைத்தது: ஜெனி சாப்பாட்டு டப்பாவைச் சித்தப்பாவின் ஸ்கூட்டரில் மாட்டிவிட்டு, காரில் அம்மா பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.